எழுதியவர்களே வந்து உட்கார்ந்து கேட்கும் இலக்கியத் திருவிழா! - திருவெள்ளறை டு ஸ்ரீரங்கம், ஒரு மார்கழிப் பயணம்

"டிசம்பர், ஜனவரியில போய்ட்டு வர்ற மாதிரி பத்து இலக்கியத் திருவிழா. ஒவ்வொண்ணுக்கும் நாலு வரி. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்!"

டிஜிட்டல் டெஸ்க்கில் எனக்கு வந்த வேலை இவ்வளவுதான். உட்கார்ந்த இடத்திலேயே முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். 2006-லிருந்து நடக்கும் ஜெய்ப்பூர் இலக்கியத் திருவிழா, டிசம்பரில் கோவையில் நடக்கும் விஷ்ணுபுரம் விருது விழா, ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி என்று ஒன்பது வரை விறுவிறுவென வந்துவிட்டேன். பத்தாவதில்தான் மாட்டிக்கொண்டேன்.

அது சின்ன ஊராக இருக்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. வேல்ஸில் ஹே-ஆன்-வை என்று ஓர் ஊர். மொத்தமே 2,000 பேர் இருந்தால் அதிகம். 1988-ல் அங்கே தொடங்கிய இலக்கியத் திருவிழாவுக்கு இன்று உலகம் முழுவதிலிருந்தும் எழுத்தாளர்கள் வருகிறார்கள். அப்படி ஒன்று நம் பக்கத்தில் இருக்கக் கூடாதா?

திருச்சியில் இருக்கும் அத்தையிடம் போனில் புலம்பினேன். அத்தை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"ஸ்ரீரங்கத்துல மார்கழி மாசம் இருபது நாளு பாட்டும் விளக்கமுமா நடக்குதே, அது இலக்கியம் இல்லாம என்னவாம்?"

"அது கோயில் திருவிழா அத்தை. சொர்க்கவாசல் திறப்பாங்க, கூட்டம் போகும்..."

"நீ டி.வி-ல பாக்குறது அந்த ஒரு நாளு. மிச்ச நாள் என்ன நடக்குதுன்னு ஒரு காலையில போய் உட்கார்ந்து பாரு. அப்புறம் பேசு."

அன்று இரவே திருச்சிக்கு பஸ் ஏறிவிட்டேன்.

மேடைக்கு எதிரே பன்னிரண்டு கவிஞர்கள்!

ஸ்ரீரங்கம் கோயிலின் இரண்டாம் பிராகாரத்தில் இருக்கிறது அர்ஜுன மண்டபம். மார்கழி அத்யயன உற்சவத்தில் 'பகல் பத்து' என்று சொல்லும் முதல் பத்து நாட்கள் இங்கேதான் நடக்கின்றன. அதன் பிறகு வைகுண்ட ஏகாதசி தொடங்கி 'ராப்பத்து'. அது ஆயிரங்கால் மண்டபத்தில்.

குளிர் விலகாத காலை. செல்போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, கூட்டத்தில் ஓரமாக ஓர் இடம் பிடித்தேன். உற்சவர் நம்பெருமாள் மண்டபத்தில் வீற்றிருக்கிறார். அவருக்கு எதிரே, வரிசையாக ஆழ்வார்கள், ஆசாரியர்களின் திருமேனிகள். சாமி சிலைகள் என்று எண்ணிப் பார்வையை நகர்த்தப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த வயதான மாமி என் முழங்கையைத் தொட்டார்.

"முதல் தரமா வர்றியோ? நன்னா பாத்துக்கோ. பாட்டு எழுதினவா எல்லாரும் எதிர்ல உட்கார்ந்து கேட்டுண்டிருக்கா!"

சட்டென்று அந்த வரிசை வேறு மாதிரி தெரிந்தது. வழக்கமான இலக்கிய விழாவில் எழுத்தாளர் மேடையில் இருப்பார், நாம் கீழே உட்கார்ந்து கேட்போம். இங்கே எழுதியவர்கள் வாசகர்களோடு சேர்ந்து கேட்கும் வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுடைய வரிகளை வேறொருவர் எடுத்துப் பாடி, நடித்து, விளக்குகிறார்.

அந்த வரிசையை ஒரு முறை எண்ணிப் பாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண் ஆண்டாள் இருக்கிறார். படை நடத்திய திருமங்கை மன்னன் இருக்கிறார். உறையூர்க்காரரான திருப்பாணாழ்வார் இருக்கிறார். பாணர் குலத்தில் வளர்ந்தவர் என்பதால் கோயிலுக்குள் வராமல் காவிரிக் கரையிலேயே நின்று பாடியவர் அவர். பிறகு லோகசாரங்க முனிவர் தன் தோளில் சுமந்து உள்ளே அழைத்து வந்தார் என்று கதை. ஆற்றங்கரையில் நின்றவருக்கும் இந்த மண்டபத்தில் இன்று ஓர் ஆசனம் இருக்கிறது.

குல்லாய், தாளம், ஒரே வரி பல நடிப்பு

சலசலப்பு அடங்கியது. அரையர் வந்தார். தலையில் கூம்பு வடிவக் குல்லாய், கழுத்தில் பெருமாளுக்குச் சூட்டிய மாலை, கையில் தாளம். வேறு பக்கவாத்தியம் எதுவும் இல்லை. முதலில் பெருமாளைப் புகழ்ந்து 'கொண்டாட்டம்'. பிறகு பாசுரம்.

ஒரு வரியைப் பாடுகிறார். தாளத்தை நிறுத்திவிட்டு அதே வரியைக் கையால், கண்ணால் நடித்துக் காட்டுகிறார். மறுபடி அதே வரி, ஆனால் வேறு நடிப்பு. மூன்றாவது முறை இன்னொன்று. ஒரே சொல்லுக்குள் இத்தனை அர்த்தம் ஒளிந்திருக்கிறதா என்று நாம் வியக்கும்போது, பழைய உரைநடையில் விளக்கம் சொல்லத் தொடங்குகிறார். அரையர்கள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடமாகவே காப்பாற்றி வரும் இந்த விளக்கத்துக்குத் 'தம்பிரான்படி' என்று பெயர்.

விழா முழுக்க இப்படிப் பாட்டு மட்டும் என்று நினைக்காதீர்கள். கம்ச வதம், இராவண வதம், பாற்கடல் கடைந்த கதை என்று தனித்தனி நாடகக் காட்சிகளும் உண்டு. எல்லாவற்றிலும் ரசிகர்கள் காத்திருப்பது 'முத்துக்குறி'க்குத்தான். காதலில் வாடும் மகள், கவலைப்படும் அம்மா, முத்துகளை வைத்துக் குறி சொல்லும் கட்டுவிச்சி என எல்லாமே ஒரே அரையர்தான்!

எனக்குப் பாதிகூடப் புரியவில்லை. அதை மாமியிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார்.

"முதல் வருஷம் யாருக்கும் புரியாதுடிம்மா. நான் நாற்பது வருஷமா வரேன். இன்னும் புதுசா ஏதாவது ஒண்ணு கிடைச்சுண்டுதான் இருக்கு."

இந்த அரையர் சேவை தமிழ்நாட்டில் இன்று ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி ஆகிய ஊர்களில்தான் உயிரோடு இருக்கிறது. கர்நாடகத்தில் மேல்கோட்டையில் நடக்கிறது. அப்பாவிடமிருந்து மகனுக்கு என்று ஒரு சில குடும்பங்களுக்குள் மட்டுமே வரும் கலை. பெண்கள் ஆடுவதில்லை. ஆண்டாள் பாட்டைக்கூட ஆண்தான் பாடி நடிக்கிறார். அது எனக்கு உறுத்தாமல் இல்லை. அதே நேரம், இந்த மெல்லிய இழை அறுந்துவிட்டால் மீண்டும் முடிச்சுப் போட முடியாதே என்ற பயமும் கூடவே வந்தது.

கிளம்பும்போது மாமி கேட்டார். "திருவெள்ளறை போயிருக்கியோ?"

"இல்ல மாமி."

"போய்ட்டு வா. அந்த ஊர்க்காரர் ஒருத்தர் அன்னிக்குச் சரின்னு சொல்லலேன்னா, இன்னிக்கு இங்கே பாட்டு ஏது?"

பத்துப் பாட்டு தெரியும், மிச்சம் எங்கே?

மாமி சொன்னதைப் புரிந்துகொள்ள, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னால் போக வேண்டும்.

அப்போது ஆழ்வார் பாடல்கள் ஏறக்குறைய மறைந்துபோயிருந்தன. காட்டுமன்னார்கோயிலில் வாழ்ந்த நாதமுனிகள், ஊருக்கு வந்த யாத்ரீகர்கள் சிலர் பத்துப் பாசுரங்களைப் பாடக் கேட்டார். கடைசிப் பாட்டு, இது ஆயிரத்தில் ஒரு பத்து என்று சொல்லி முடிந்தது. "அப்படியானால் மிச்சம்?" என்று கேட்டார். அவர்களுக்குத் தெரியவில்லை.

அந்தக் கேள்வியோடு அவர் கும்பகோணம் போனார், அங்கிருந்து நம்மாழ்வார் பிறந்த திருக்குருகூருக்குப் போனார். அங்கே ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து, மதுரகவி ஆழ்வாரின் பதிகத்தை 12,000 முறை ஓதினார், நாலாயிரம் பாடல்களும் அவருக்குக் கிடைத்தன என்கின்றன குருபரம்பரைக் கதைகள். அவற்றைத் தொகுத்து, இசையமைத்து, தன் மருமக்கள் இருவருக்குக் கற்றுக்கொடுத்தார். அரையர் மரபு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

தொகுத்தாகிவிட்டது. அடுத்து யார் எடுத்துப் போவது? இந்த இடத்தில்தான் திருவெள்ளறைக்காரர் வருகிறார்.

நாதமுனிகளிடம் இரண்டு சொத்துகள் இருந்தன. ஒன்று யோகம், இன்னொன்று பாடல்கள். குருகைக் காவலப்பன் என்ற சீடர் யோகத்தை எடுத்துக்கொண்டார். திருவெள்ளறையில் பிறந்த புண்டரீகாட்சர் என்ற சீடரிடம் "உனக்கு எது வேண்டும்?" என்று கேட்டார் குரு. வீட்டில் பிணம் கிடக்கும்போது யாராவது கல்யாணம் செய்துகொள்வார்களா என்று பதிலுக்குக் கேட்டாராம் அவர். ஊரே தவித்துக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் தனியாக உட்கார்ந்து ஆனந்தப்பட முடியாது, எல்லோருக்கும் போய்ச் சேரக்கூடிய பாட்டைக் கொடுங்கள் என்று அர்த்தம். உலகம் உய்யும்படி கேட்டவர் என்பதால் அவருக்கு உய்யக்கொண்டார் என்று பெயர் வந்தது.

அவரிடமிருந்து லால்குடி பக்கத்து மணக்கால் ஊரைச் சேர்ந்த மணக்கால் நம்பிக்கு. நம்பியிடமிருந்து நாதமுனிகளின் பேரனான ஆளவந்தாருக்கு. அரச வாழ்க்கையில் இருந்த ஆளவந்தாரை நெருங்க முடியாமல், அவர் வீட்டுச் சமையலறைக்கு ஆறு மாதம் தினமும் தூதுவளைக் கீரை கொண்டுபோய்க் கொடுத்தாராம் நம்பி! கீரை கொடுத்துத்தான் அடுத்த தலைமுறையைப் பிடித்திருக்கிறார்கள்.

வெள்ளைப் பாறை ஊர்

மறுநாள் காலை, சத்திரம் பேருந்து நிலையத்தில் துறையூர் பஸ். கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி, மண்ணச்சநல்லூர் வந்ததும் அவித்த நெல் வாசனை ஜன்னல் வழியாக ஏறிக்கொண்டது. பொன்னி அரிசிக்குப் பேர்போன ஊர். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் திருவெள்ளறை.

வெள்ளறை என்றால் வெண்மையான பாறை. அந்தப் பாறை மேல்தான் புண்டரீகாட்சப் பெருமாள் கோயில் நிற்கிறது. முகப்பில் முடிக்காமல் விட்ட பெரிய கோபுரம். அதைக் கடந்தால் 18 படிகள், கீதையின் 18 அத்தியாயங்களுக்காக என்கிறார்கள். உள்ளே போவதற்கு உத்தராயண வாசல், தட்சிணாயன வாசல் என்று இரண்டு வழிகள். தை முதல் ஆனி வரை ஒன்று திறந்திருக்கும், ஆடி முதல் மார்கழி வரை இன்னொன்று. நான் போனது மார்கழி என்பதால் தட்சிணாயன வாசல்.

ஸ்ரீரங்கத்தின் நெரிசலைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு இங்கே காற்றின் சத்தம்கூடக் கேட்டது. ஒரு குடும்பம், நாலைந்து பெரியவர்கள், நான். அவ்வளவுதான் கூட்டம்.

ஒலிபெருக்கியில் திருப்பாவை ஓடிக்கொண்டிருந்தது. அப்போது ஒரு விஷயம் ஞாபகம் வந்து கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. பள்ளியில் திருப்பாவை ஒப்புவித்தல் போட்டிக்குப் படித்தபோது, நூலுக்கு முன்னால் வரும் 'தனியன்' பாட்டுகளை நாங்கள் யாரும் படிக்க மாட்டோம். முன்னுரை மாதிரி என்று தாண்டிவிடுவோம். அவற்றில் ஆண்டாளைப் போற்றும் இரண்டு தமிழ்ப் பாட்டுகளை எழுதியவர் வேறு யாரும் இல்லை, இந்த ஊர் உய்யக்கொண்டார்தான். தன் பாட்டு என்று அவர் சேர்த்தது கொஞ்சம்தான். அதையும் இன்னொரு கவிஞரை அறிமுகம் செய்யவே எழுதியிருக்கிறார். மார்கழி முழுக்க எத்தனையோ ஊர்களில் விடியற்காலையில் அந்த அறிமுகத்தோடுதான் திருப்பாவை தொடங்குகிறது.

கதவைத் தட்டினால் ஒரு கேள்வி

உய்யக்கொண்டாருக்குச் சில தலைமுறைகள் கழித்து, இதே ஊரில் இன்னொரு பெரிய ஆசிரியர் இருந்தார். பெயர் எங்களாழ்வான். விஷ்ணு புராணத்துக்கு உரை எழுதியவர். அவரிடம் பாடம் கேட்பதற்காகக் காஞ்சிபுரத்திலிருந்து நடாதூர் அம்மாள் வந்தார். (அம்மாள் என்றாலும் ஆண்தான்!) அந்தக் காலத்தில் காஞ்சியிலிருந்து இங்கே வருவதென்றால் எத்தனை நாள் நடை என்று யோசித்துப் பாருங்கள்.

வந்து கதவைத் தட்டினார். உள்ளேயிருந்து குரல். "யார்?"

"நான்தான்."

"நான் செத்த பிறகு வா!"

திகைத்துப்போய் ஊர் திரும்பிய அம்மாளுக்கு, பிறகுதான் விளங்கியது. ஆசிரியர் தன் சாவைச் சொல்லவில்லை. வந்தவர் வாயில் இருந்த அந்த 'நான்' செத்த பிறகு வா என்று சொல்லியிருக்கிறார். மறுபடி வந்து தட்டியபோது, "அடியேன் வந்திருக்கிறேன்" என்றார். கதவு திறந்தது.

இலக்கிய விழாக்களில் கேள்வி நேரம் வரும்போது, மைக் கையில் கிடைத்ததும் ஐந்து நிமிடம் தன்னைப் பற்றியே பேசுபவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எழுத்தாளரிடம் கேள்வி கேட்கும்போது நானும் அதைச் செய்திருக்கிறேன். இந்தக் கதையைக் கேட்டதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அதுதான்.

பொழுது சாயும் நேரத்தில் ஒரு பாட்டு

இந்த ஊரைப் பெரியாழ்வாரும் திருமங்கை ஆழ்வாரும் பாடியிருக்கிறார்கள். பெரியாழ்வார் பாடியது கோயிலின் பெருமையை மட்டும் பட்டியல் போடும் பாட்டு இல்லை. அவர் ஓர் அம்மாவாக மாறிவிடுகிறார். பொழுது சாய்கிறது. விளையாடப் போன கண்ணன் இன்னும் வீடு திரும்பவில்லை. அந்தி நேரத்தில் தெருவில் நிற்காதே, வா, உனக்குக் காப்பிட வேண்டும் என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். அவன் வருவதாக இல்லை.

மதியம் நடை சாத்தியதும் ஊருக்குள் சுற்றிவிட்டு, மாலையில் மறுபடி கோயில் வாசலில் வந்து உட்கார்ந்தேன். ஒரு வீட்டு வாசலிலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தார்.

"டேய், இருட்டப் போகுது, உள்ள வாடா!"

பையன் சைக்கிளை இன்னொரு சுற்று விட்டுவிட்டுத்தான் திரும்பினான். உரை எதுவும் இல்லாமலே அந்தப் பத்துப் பாட்டும் எனக்குப் புரிந்தது. ஒரு நூலை அது பாடிய ஊரில் போய்ப் படிப்பது எவ்வளவு நல்ல விஷயம் என்று தெரிந்துகொண்டேன்.

கிணற்றில் ஒரு கவிதை

கோயிலுக்கு வெளியே கொஞ்ச தூரம் நடந்தால் ஊரின் இன்னொரு அதிசயம். மேலேயிருந்து பார்த்தால் ஸ்வஸ்திக் வடிவம் தெரியும் கிணறு. நாலு பக்கமும் வளைந்து இறங்கும் படிகள். ஒரு பக்கப் படியில் குளிப்பவரை அடுத்த பக்கத்துப் படியில் இருப்பவர் பார்க்க முடியாது. ஊர்க்காரர்கள் நாலுமூலைக் கேணி என்கிறார்கள். கல்வெட்டில் இருக்கும் பெயர் மாற்பிடுகு பெருங்கிணறு.

பல்லவ மன்னன் தந்திவர்மனின் 4-ஆம் ஆட்சியாண்டில் தோண்டத் தொடங்கி 5-ஆம் ஆண்டில் முடித்திருக்கிறார்கள். அதாவது சுமார் கி.பி. 800. தோண்டியவர் ஆலம்பாக்கத்து விசைய நல்லுழான் தம்பி, கம்பன் அரையன். ராமாயணம் எழுதிய கம்பர் வேறு, இவர் வேறு. 'அரையன்' என்றால் தலைவன் என்று பொருள்.

கிணறு தோண்டியவர் பெயரை மட்டும் பொறித்துவிட்டுப் போகவில்லை. கூடவே ஒரு தமிழ்ப் பாட்டையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். நிலையில்லாத இந்த உலகத்தின் மேல் ஆசை வைத்து நின்றுவிடாதே, முதுமை வந்து தளர்த்துவதற்கு முன்னால், நீ உண்டது போக மிஞ்சியதை உலகம் அறியும்படி கொடுத்து வை என்பது அதன் சாரம்.

டீக்கடை அண்ணன் கேட்டார். "என்னம்மா, கேணியப் பாத்தியா? போட்டோ எடுத்தியா?"

"எடுத்தேன்ணே. அதுல ஒரு பாட்டு இருக்காமே?"

"ஆமா, எழுத்து இருக்கு. எங்களுக்குப் படிக்க வராது. ஆனா தோண்டுனவன் நல்லதத்தான் சொல்லியிருப்பான். தண்ணி குடுத்தவன் இல்ல?"

அதைவிட நல்ல விமர்சனத்தை நான் எந்த இலக்கியக் கூட்டத்திலும் கேட்டதில்லை.

ராத்திரி முழுக்க எழுதிய ஒருவர்

ராப்பத்தின்போது மறுபடி ஸ்ரீரங்கம் வந்தேன். இந்தப் பத்து நாட்களும் நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு. நாளுக்கு ஒரு நூறு என்ற கணக்கில் பத்து நாட்களில் நூல் முழுக்கப் பாடி முடிப்பார்கள். பரமபத வாசல் வழியாகக் கூட்டம் நகர்ந்துகொண்டே இருந்தது. வாசலைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் கும்பிட்டுவிட்டு வெளியே போனார்கள். ஆயிரங்கால் மண்டபத்தின் திருமாமணி மண்டபத்தில் பாட்டுக்காக உட்கார்ந்தவர்கள் அதில் ஒரு சின்னப் பங்கு. நேரம் ஆக ஆக அதுவும் குறைந்தது.

இந்த ஊரில் எப்போதுமே அப்படித்தான் இருந்ததா? இல்லை. திருவாய்மொழிக்கு நம்பிள்ளை விளக்கம் சொல்லி முடித்து எழுந்தபோது கலைந்த கூட்டத்தைப் பார்த்து, இது நம்பெருமாள் கூட்டமா, நம்பிள்ளை கூட்டமா என்று கேட்கும் அளவுக்கு இருந்ததாம். பகலில் கேட்டதை ஒரு சீடர் இரவில் வீட்டில் உட்கார்ந்து ஓலையில் எழுதிவைத்தார். அவர் வடக்குத் திருவீதிப் பிள்ளை. இருந்த தெருவே அவருக்குப் பெயராகிவிட்டது. அவர் எழுதியதுதான் 'ஈடு முப்பத்தாறாயிரப்படி' என்ற பெரிய உரை. அனுமதி கேட்காமல் எழுதியதற்காக நம்பிள்ளை முதலில் அந்தச் சுவடியை வாங்கி வைத்துக்கொண்டார் என்றும் சொல்வார்கள். பேச்சைக் கேட்டு இரவில் டைப் செய்யும் வேலை எனக்கும் தெரியும். அதில் ஒரு சொல்லை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்றும் தெரியும். எட்டு நூறு ஆண்டுக்கு முந்தைய அந்த மனிதர் என் பக்கத்து மேஜைக்காரர் போலத் தோன்றினார்.

தாயார் சந்நிதிக்கு அருகில் ஒரு சின்ன மண்டபம் இருக்கிறது. கம்பர் தன் ராமாயணத்தை அரங்கேற்றிய இடம் என்று காட்டுகிறார்கள். வால்மீகியில் இல்லாத இரணியன் கதையைச் சேர்த்ததற்கு எதிர்ப்பு வந்ததாம். எதிரே இருக்கும் மேட்டழகியசிங்கர் தலையசைத்து ஒப்புதல் கொடுத்தார் என்பது கதை. புது நூல், எதிர்ப்பு, விவாதம், கடைசியில் ஒரு பாராட்டு! இன்றைய இலக்கிய விழாவில் நடக்கும் எல்லாமே அந்தச் சின்ன மண்டபத்தில் ஏற்கெனவே நடந்திருக்கிறது.

ஆனால் கம்பர் ஒரு முறை அரங்கேற்றினார். இங்கே பழைய நூல் ஒவ்வோர் ஆண்டும் மறுபடி அரங்கேறுகிறது. அதற்குப் பாடுபவர் ஒருவர் போதாது. வந்து உட்கார்ந்து கேட்பவர் வேண்டும், கேட்டதை இன்னொருவருக்குச் சொல்பவர் வேண்டும். பத்துப் பாட்டு மட்டும் மிஞ்சியிருந்த காலம் ஒன்று இருந்தது என்பதை நினைத்தால், உட்கார்ந்திருந்த அந்தச் சிலர் எனக்கு ரொம்ப முக்கியமானவர்களாகத் தெரிந்தார்கள்.

கூட்டத்தில் மாமியைத் தேடினேன். அதே ஓரம், அதே தூண் பக்கம்.

"என்ன, திருவெள்ளறை போனியோ?"

"போனேன் மாமி. கிணறும் பார்த்தேன்."

"பேஷ். இன்னிக்கு ஏதாவது புரிஞ்சுதா?"

"ரெண்டு வரி புரிஞ்சுது."

"போறும். அடுத்த வருஷம் நாலு வரி ஆகும். வந்துடு."

வெள்ளிக்கிழமை என்னிடம் ஒன்பது விழாக்களின் பட்டியலும், நாலு வரிக்குள் அடங்காத இந்தப் பத்தாவதும்தான் இருந்தன. பட்டியல் தனியாக வருகிறது. அடுத்த மார்கழிக்கு இப்போதே லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த முறை அத்தையும் கூட வருகிறார்.

எப்படிப் போகலாம்?

* திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து மண்ணச்சநல்லூர் வழியாகத் துறையூர் செல்லும் பஸ்களில் ஏறி, திருவெள்ளறையில் இறங்கலாம். ஊர் திருச்சியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர்.

* மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போய்விடுவது நல்லது. நேரம் இருந்தால் மாலையில் பொழுது சாயும்வரை இருந்து பாருங்கள்.

* ஸ்ரீரங்கத்தில் பகல் பத்து, வைகுண்ட ஏகாதசிக்கு முந்தைய பத்து நாட்கள். ராப்பத்து, அன்று தொடங்கிப் பத்து நாட்கள். தேதி ஆண்டுதோறும் மாறும். ஏகாதசி நாளில் கூட்டம் மிக அதிகம். அரையர் சேவையை நிம்மதியாகப் பார்க்க, பகல் பத்தின் சாதாரண வார நாள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

* முந்தைய இரவே அன்றைய பாசுரங்களை ஒரு முறை படித்துவிட்டுப் போங்கள். ரெண்டு வரி நிச்சயம் புரியும்!